இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அழற்சியைத் தடுக்க: கோல்ச்சிசினா, ஸ்டீராய்டா, வலி மாத்திரையா, பொறுத்துப் பார்ப்பதா?

மாமாவுக்கு பைபாஸ் முடிந்து பதினெட்டாவது நாள். தையல் ஆறிவிட்டது. வீட்டுக்குள் நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். அன்றைக்கு ராத்திரி திடீரென்று படுக்க முடியவில்லை என்றார். மூச்சை உள்ளே இழுத்தால் இடப்பக்க நெஞ்சில் சுருக்கென்று குத்துகிறது. மல்லாந்தால் கூடுகிறது. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. உடம்பும் லேசாகச் சுட்டது. மாற்றி வைத்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதோ என்று எல்லோரும் பதறினோம். அதற்குள் அத்தை, முட்டிவலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரைப் பட்டையோடு வந்து நின்றார்.

அடைப்பு ஒன்றும் இல்லை. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை அழற்சி கண்டு, உள்ளே கொஞ்சம் நீர் கோத்திருந்தது. எக்கோ எடுத்த டாக்டர், திறந்த இதய அறுவைக்குப் பிறகு இது அடிக்கடி பார்ப்பதுதான் என்றார். வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "அடிக்கடி வருவது என்று தெரிந்தால் முன்னாடியே ஒரு மாத்திரை கொடுத்துத் தடுத்திருக்கக் கூடாதா?"

அறுவைக்குத் தேதி குறித்துக்கொண்டு காத்திருக்கும் பலர் கேட்பதும் இதையேதான். ஒரு டாக்டர் கோல்ச்சிசின் எழுதுகிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். ஸ்டீராய்டு என்ற பேச்சைக் கேட்டாலே வீட்டில் கலக்கம். எதை நம்புவது? டாக்டரிடம் பேசப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்கிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்.

## எதைத் தடுக்கப் போகிறோம்?

பேச்சு குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அழற்சியைக் குறைத்தால் நல்லது" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அறுவைக்குப் பிறகு வரும் தொல்லைகள் ஒரே வகை இல்லை.

பல அறுவைகளின்போது ரத்தம் உடலுக்கு வெளியே, இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்கள் வழியாக ஓடுகிறது. அந்த அந்நியப் பரப்பில் பட்டதுமே உடலின் தற்காப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறது. நிறுத்தி வைத்த இதயத்துக்குத் திரும்ப ரத்தம் பாயும்போது இன்னொரு சுற்று. உறையைக் கீறியதாலும் அங்கே தேங்கும் ரத்தத்தாலும் மூன்றாவது சுற்று. முதல் இரண்டும் சில நாட்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாவது வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

இதனால் வரும் தொல்லைகளை நான்காகப் பிரிக்கலாம்:

- இதயத் துடிப்பு தாறுமாறாவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அறுவை முடிந்த இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள்தான் அதிகம் வரும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது.
- உறை அழற்சி. மாமாவுக்கு வந்தது. பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள்.
- உறைக்குள் நீர் கோப்பது. வலியே இல்லாமலும் வரும். அளவு மீறினால் இதயத்தை நெருக்கும்.
- பெரிய ஆபத்துகள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் செயலிழப்பது.

ஒரு மருந்து இந்த நான்கில் எதைத் தடுக்கிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு உதவுவதாலேயே மற்றதற்கும் உதவிவிடாது. அப்புறம் மூன்று கேள்விகள்: அந்தப் பலனைப் பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தினவா? அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது? தடுக்காமல் விட்டு, வந்தபின் மருத்துவம் செய்தால் என்ன நஷ்டம்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

## ஒரு பார்வையில்

| | கோல்ச்சிசின் | அறுவையின்போது ஸ்டீராய்டு | வலி மாத்திரைகள் (இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை) | பொறுத்துப் பார்ப்பது |
|---|---|---|---|---|
| உறை அழற்சி | குறைக்கிறது | தடுப்பதற்கென்று கொடுப்பதில்லை | தடுப்பாக நிரூபணம் இல்லை. வந்தபின் மருத்துவர் மேற்பார்வையில் உதவும் | பெரும்பாலானோருக்கு வராது. வந்தால் மருந்து உண்டு |
| தாறுமாறான துடிப்பு | சான்று முரண்படுகிறது | பெரிய ஆய்வுகளில் குறையவில்லை | நம்ப முடியாது | வேறு வழிகள் உண்டு |
| உறைக்குள் நீர் | கோத்தபின் கொடுத்துப் பயனில்லை | இதற்காகக் கொடுப்பதில்லை | டைக்ளோஃபெனாக் பயன் தரவில்லை | எக்கோவில் கண்காணிப்பு |
| மரணம், பக்கவாதம் | குறைத்ததாக நிரூபணம் இல்லை | குறைத்ததாக நிரூபணம் இல்லை | பைபாஸ் நோயாளிகளுக்கு அபாயம் கூடலாம் | – |
| உடம்பு கொடுக்கும் விலை | வயிற்றுப்போக்கு, மற்ற மருந்துகளோடு மோதல் | சர்க்கரை ஏறுவது | சிறுநீரகம், ரத்தக்கசிவு, மாரடைப்பு அபாயம் | வலியோடு சில நாள், மீண்டும் மருத்துவமனை |
| யார் கையில் முடிவு | டாக்டரும் நீங்களும் | மயக்க மருந்து நிபுணரும் அறுவை நிபுணரும் | டாக்டர் மட்டும் | எல்லோரும் |

## கோல்ச்சிசின்

கீல்வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சுப் பொருள்தான், மிக மிகச் சிறிய அளவில் மாத்திரையாகிறது. வெள்ளணுக்கள் அழற்சி நடக்கும் இடத்துக்கு நகர்ந்து போக அவற்றுக்குள்ளே ஒரு சாரக்கட்டு வேண்டும். அந்தக் கட்டு சேர விடாமல் செய்வது கோல்ச்சிசினின் வேலை. நோய் எதிர்ப்பு முழுவதையும் அமுக்காமல் அழற்சியை மட்டும் மட்டுப்படுத்துவதால்தான் இதயநோய் மருத்துவர்களுக்கு இதன்மேல் ஆர்வம் வந்தது.

நால்வரில் தடுப்பு மருந்து என்று சொல்லத் தகுதியுள்ளது இதுதான் என்பது என் கருத்து. காரணம் இரண்டு இத்தாலிய ஆய்வுகள். 2010-இல் வந்த காப்ஸ் ஆய்வில் 360 பேர். அறுவை முடிந்த மூன்றாம் நாள் தொடங்கி ஒரு மாதம் பாதிப் பேருக்கு கோல்ச்சிசின், மீதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. ஒரு வருடத்தில் உறை அழற்சி வந்தது வெற்று மாத்திரைக் குழுவில் 21.1 சதவீதம் பேருக்கு. கோல்ச்சிசின் குழுவில் 8.9 சதவீதம் பேருக்கு. அதே ஆய்வில் ஒரு பகுதியினரை எடுத்துப் பார்த்தபோது தாறுமாறான துடிப்பும் 22 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இவ்வளவு நல்ல முடிவு வந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: இன்னும் முன்னாலேயே கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமோ? துடிப்புக் கோளாறு முதல் நான்கு நாட்களில்தானே வருகிறது, மூன்றாம் நாள் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 2014-இல் வந்த காப்ஸ்-2 இதைத்தான் சோதித்தது. இதிலும் 360 பேர். ஆனால் இந்த முறை அறுவைக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன்பே மாத்திரையைத் தொடங்கினார்கள். உறை அழற்சி 29.4-இலிருந்து 19.4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் துடிப்புக் கோளாறில் நம்பத்தக்க வித்தியாசம் வரவில்லை. வயிற்றுக் கோளாறோ 11.7 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியது.

இந்த எண்களை வீட்டு மொழியில் சொன்னால்: பத்துப் பேர் ஒரு மாதம் சாப்பிட்டால் ஒருவருக்கு உறை அழற்சி வராமல் போகிறது. பன்னிரண்டு பேர் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வயிறு கெடுகிறது. ஒரு பக்கம் சில வார நெஞ்சுவலி, மறு பக்கம் சில நாள் வயிற்றுப்போக்கு. எதைத் தாங்கிக்கொள்வீர்கள் என்பது நீங்கள் சொல்ல வேண்டிய பதில்.

துடிப்புக் கோளாறு பற்றி இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். இது இதய அறுவை பற்றியது இல்லை. நுரையீரல் போன்ற மற்ற மார்பு அறுவைகள். 2023-இல் வெளியானது. 11 நாடுகளில் 3,209 பேர், பத்து நாள் கோல்ச்சிசின். துடிப்புக் கோளாறு 6.4 சதவீதம், வெற்று மாத்திரைக்கு 7.5 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். வயிற்றுப்போக்கு மட்டும் 2.4-இலிருந்து 8.3 சதவீதமாகத் தெளிவாக ஏறியது. ஆகவே துடிப்புக் கோளாறைத் தடுக்கவே கோல்ச்சிசின் என்று யாராவது சொன்னால் நான் தயங்குவேன்.

நீர் கோத்த பிறகு அதை வற்ற வைக்கவும் கோல்ச்சிசின் உதவவில்லை. எக்கோவில் நீர் தெரிந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில் பயன் தெரியவில்லை.

மறைந்திருக்கும் விலை. வயிற்றுப்போக்கு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மார்பெலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை எழுந்து கழிப்பறைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். கையை ஊன்றி எழக் கூடாது, நெஞ்சை அணைத்துக்கொண்டு எழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது பிடிக்க வேண்டும். அது போக, பேதியில் பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறினால் துடிப்பு தாறுமாறாவதற்கு அதுவே வழி செய்யும். எதைத் தடுக்கச் சாப்பிட்டோமோ அதையே இழுத்துக்கொண்டு வரும் ஆபத்து. வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குப் பேதி வந்தால் ரத்தம் உறையும் அளவும் மாறிவிடும். உடனே சோதிக்க வேண்டும்.

அடுத்தது மருந்துகளுக்குள் மோதல். கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், சைக்ளோஸ்போரின், வெரப்பமில், டில்டியாசெம் ஆகியவை உடம்பில் கோல்ச்சிசினைத் தேங்க வைக்கும். துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோனோடும் கவனம் வேண்டும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையோடு சேர்ந்தால் அரிதாகத் தசை பாதிக்கப்படலாம். தொடைத் தசை வலித்தாலோ படி ஏறக் கால் வரவில்லை என்றாலோ சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு இந்த மருந்து பெரும்பாலும் கூடாது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

யாருக்கு ஏற்றது. சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்து, மோதும் மருந்துகள் இல்லாமல், உறை அழற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2015 வழிகாட்டி, அறுவைக்குப் பின் ஒரு மாதம் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. முதல் நாள் கூடுதல் அளவு இல்லாமல், 70 கிலோவுக்கு மேலுள்ளவர்களுக்கு 0.5 மில்லிகிராம் இரண்டு வேளை, அதற்குக் கீழே ஒரு வேளை. எடையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு எழுதியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

## அறுவையின்போது ஸ்டீராய்டு

இதைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டை பெரும்பாலும் தேவையில்லாதது. மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பும் ஸ்டீராய்டு வேறு. மயக்கத்தில் இருக்கும்போது ஓரிரு ஊசியாகப் போடுவது வேறு.

எண்ணம் நல்ல எண்ணம்தான். இயந்திரத்தால் கிளம்பும் அழற்சி அலையை அப்போதே அடக்கிவிட்டால் எல்லாத் தொல்லையும் குறையுமே என்று பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். பிறகுதான் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2012-இல் நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்சாமெத்தசோன் ஒரே ஊசி. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுச் செயலிழப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு 8.5-இலிருந்து 7 சதவீதமாக வந்தது. உறுதியாகச் சொல்ல இந்த வித்தியாசம் போதவில்லை. ஆனால் தொற்று 14.8-இலிருந்து 9.5 சதவீதமாகக் குறைந்தது. ஸ்டீராய்டு தொற்றைக் கூட்டும் என்று பயந்தவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி.

2015-இல் வந்தது இன்னும் பெரியது: 18 நாடுகள், 7,507 பேர், எல்லோரும் அபாயம் கூடுதலாக உள்ளவர்கள். மெத்தில்பிரெட்னிசோலோன் 250 மில்லிகிராம் இரண்டு தடவை. மரணமும் பெரிய பாதிப்புகளும் சேர்த்து இரு குழுவிலும் 24 சதவீதம்தான். கூடவே, இதயத் தசை சேதத்தைக் காட்டும் நொதி ஸ்டீராய்டு குழுவில் அதிகம் பேருக்கு ஏறியிருந்தது. வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

மறைந்த விலை சர்க்கரை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஐசியுவில் இன்சுலின் சொட்டு ஓடும். மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டியிருக்கும். யாருக்கு ஏற்றது என்றால், மயக்க மருந்து நிபுணர் ஏதோ ஒரு தனிக் காரணத்துக்காகத் தேவை என்று நினைப்பவருக்கு. நீங்கள் செய்ய வேண்டியது, ஏற்கெனவே ஆஸ்துமாவுக்கோ மூட்டுநோய்க்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தால் அதை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுவது. திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து.

## வலி மாத்திரைகள்

அத்தை கையில் இருந்த பட்டையைப் பற்றிய பகுதி இது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ரோக்ஸன், எட்டோரிகாக்சிப் எல்லாம் இந்தக் குடும்பம். வலியும் போகும், அழற்சியும் குறையும், கடையில் சுலபமாகக் கிடைக்கும். அதனால்தான் இவை நால்வரில் வீட்டில் அதிகம் தவறாகப் பயன்படுபவை.

பைபாஸ் நோயாளிகளிடம் இந்தக் குடும்பத்தின் வால்டெகாக்சிப் மருந்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. 1,671 பேர். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் மருந்து எடுத்தவர்களில் 2 சதவீதம், எடுக்காதவர்களில் 0.5 சதவீதம். அந்த மருந்து அதே ஆண்டில் சந்தையை விட்டுப் போனது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தக் குடும்பத்து மருந்துகளின் அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது: பைபாஸ் அறுவையை ஒட்டிய வலிக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது.

தடுப்பாகவாவது பயன் உண்டா? நீர் கோத்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் 14 நாள் கொடுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில் நீரும் குறையவில்லை, இதய நெருக்கடியும் குறையவில்லை.

மறைந்த விலை இன்னொன்றும் உண்டு. இபுப்ரோஃபெனை ஆஸ்பிரினுக்கு முன்னால் போட்டால், ரத்தத்தட்டுக்கள் ஒட்டாமல் காக்கும் ஆஸ்பிரினின் வேலையை அது தடுத்துவிடும். புதிதாக வைத்த குழாயை அடைபடாமல் காப்பதே அந்தச் சின்ன ஆஸ்பிரின்தான். வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம். சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்குச் சிறுநீரக அபாயம்.

உறை அழற்சி வந்துவிட்ட பிறகு கதை வேறு. அப்போது டாக்டர்கள் அதிக அளவு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ, பெரும்பாலும் கோல்ச்சிசினோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்பிரின் ஏற்கெனவே எடுப்பவருக்கு அதையே உயர்த்துவது வழக்கம். அது எக்கோவும் ரத்தச் சோதனையும் பார்த்து எடுக்கும் முடிவு. தானாக வாங்கிப் போடும் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் இருக்கிறது.

## பொறுத்துப் பார்ப்பது

மருந்தில்லாமல் விடுவது கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். அந்த இரு காப்ஸ் ஆய்வுகளிலும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பத்தில் ஏழு, எட்டுப் பேருக்கு உறை அழற்சி வரவே இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தில் அடங்கிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவர், வயிறு ஏற்கெனவே ஒத்துழைக்காதவர், பத்துப் பன்னிரண்டு மாத்திரை சாப்பிடும் முதியவர் ஆகியோருக்கு இதுவே நல்ல வழி என்பேன்.

இதன் விலை விழிப்பு. முதல் ஆறு வாரம் தினமும் காய்ச்சல், எடை, நாடி மூன்றையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். மூச்சிழுத்தால் குத்துவது, படுத்தால் கூடி முன்னால் சாய்ந்தால் குறைவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டுவது, மயக்கம் வருவது, கழுத்து நரம்பு புடைப்பது என்றால் அவசரப் பிரிவு. அது நீர் இதயத்தை நெருக்குவதாக இருக்கலாம். பக்கத்தில் எக்கோ வசதி இல்லாதவருக்கும் தனியாக இருப்பவருக்கும் இந்த வழி அவ்வளவு பாதுகாப்பு இல்லை.

## உங்கள் கவலை துடிப்பைப் பற்றியது என்றால்

இந்தப் பட்டியலுக்கு வெளியே தேடுங்கள். பீட்டா பிளாக்கர், அமியோடரோன் ஆகியவற்றுக்குத் தடுப்பாக நல்ல சான்று உண்டு. அறுவையின்போதே உறையின் பின்பக்கம் சின்னதாக ஒரு திறப்பு வைத்து, தேங்கும் ரத்தமும் நீரும் வடிய விடும் முறையும் இருக்கிறது. 2021-இல் 420 பேரிடம் நடந்த ஆய்வில் துடிப்புக் கோளாறு 32-இலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தது. அழற்சியை மருந்தால் அடக்குவதைவிட, அதைக் கிளப்பும் ரத்தம் தேங்காமல் பார்ப்பது இவ்வளவு பலன் தருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உங்கள் அறுவை நிபுணர் அதைச் செய்கிறாரா என்று முன்பே கேட்கலாம்.

மீன் எண்ணெயும் ஸ்டாட்டினும் இதே காரணத்துக்காக ஒரு காலத்தில் பேசப்பட்டன. மீன் எண்ணெய் 1,516 பேரிடம் சோதித்தபோது உதவவில்லை. ஸ்டாட்டின் 200 பேர் கொண்ட சின்ன ஆய்வில் பிரமாதமாகத் தெரிந்தது. 1,922 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த 2016 ஆய்வில் துடிப்பும் குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்பு கூடியது. கொழுப்புக்காக ஏற்கெனவே எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காரணம் வேறு.

## கோல்ச்சிசின் என்று முடிவானால்

டாக்டரிடம் நான்கு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, என் எடைக்கு எத்தனை வேளை, நான் எடுக்கும் மற்ற மாத்திரைகளில் எது இதோடு மோதும், பேதி வந்தால் எத்தனை தடவைக்கு மேல் நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். அறுவைக்கு முன்பே தொடங்கச் சொன்னால் ஏன் என்றும் கேளுங்கள். மூன்றாம் நாள் தொடங்கிய ஆய்விலும் உறை அழற்சி நன்றாகவே குறைந்தது.

மாமாவுக்கு ஆஸ்பிரின் அளவைக் கூட்டி, கூடவே கோல்ச்சிசின் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் மல்லாந்து தூங்கினார். அடுத்த எக்கோவில் நீர் வற்றியிருந்தது. அத்தை இப்போது ஒவ்வொரு மாத்திரைப் பட்டையின் பின்னாலும் நிறுத்த வேண்டிய தேதியைப் பேனாவால் எழுதி வைக்கிறார். கோல்ச்சிசின் பட்டையில் மட்டும் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.